“கொழகொழன்னு இருக்கு” என்பதும் ஒரு காரணம்தான்

போன இதழில் காய்கறி விலையைப் பற்றி எழுதும்போது, போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன்: ‘எனக்கு 61 வயதாகிறது, இன்றைக்கும் கத்திரிக்காய் கடைசல் என் தொண்டையில் இறங்காது.’ முப்பது வருடம் கோவையில் ஒரு மருத்துவமனையில் டயட்டீஷியனாக இருந்து, ஊருக்கெல்லாம் ‘எல்லாக் காயும் சாப்பிடுங்க’ என்று சொன்னவள் இப்படி எழுதலாமா என்று பத்துப் பேராவது திட்டுவார்கள் என்று நினைத்தேன். திட்டு இரண்டுதான் வந்தது. மற்றதெல்லாம் ‘எங்க வீட்டுலயும் ஒருத்தர் இருக்காருங்க’ என்கிற கடிதங்கள். அதனால் சர்க்கரை, கொழுப்பு, எடைக் குறைப்புக் கேள்விகளுக்கு இந்த முறை விடுமுறை.

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. அவன் சாப்பிடுவது இவ்வளவுதான்: வெள்ளைச் சோறு, தனிக் கிண்ணத்தில் கெட்டித் தயிர் (இரண்டையும் பிசையக் கூடாது), கருகாத முறுகல் தோசை, அரிசி முறுக்கு, ஒரே கம்பெனி பிஸ்கட், கறுப்புப் புள்ளி விழாத வாழைப்பழம். தினமும் மூன்று பெரிய டம்ளர் பால். அரிசிம்பருப்பு செய்தால் ஒவ்வொரு கடுகாகப் பொறுக்கி வட்டல் ஓரத்தில் வைப்பான். பொறுக்கி முடிப்பதற்குள் சோறு ஆறிவிடும், ஆறிப்போச்சு என்று எழுந்துவிடுவான். கையைக் காலைப் பிடித்து ஊட்டினால் வாந்தி. ‘செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டே’ என்கிறார் மாமியார். ‘ரெண்டு நாள் பட்டினி போட்டா ஒட்டாரம் தன்னால போயிரும்’ என்கிறார் கணவர். இது ஒட்டாரமா, சீக்கா?
— பெயர் வேண்டாம், பெருந்துறை

பதில்: அம்மிணி, அந்தப் பட்டினி வைத்தியத்தை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு காலத்தில் நானே சொன்ன வைத்தியம் அது. வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும். இதே மாதிரி ஒரு தாய் வந்தார். ‘பசிச்சா தின்னும், விடுங்க’ என்றேன். நாலாம் நாள் அந்தப் பிள்ளை குழந்தைகள் வார்டில் குளுக்கோஸ் பாட்டிலோடு படுத்திருந்தது. பக்கத்தில் ஸ்டூலில் அந்தத் தாய். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஒட்டாரமா, சீக்கா என்று கேட்கிறீர்கள். இரண்டும் இல்லாமல், அவன் வாய் அப்படி என்றும் இருக்கலாம்.

நீங்கள் எழுதிய பட்டியலை இன்னொரு தடவை படியுங்கள். ருசியை விட்டுவிட்டு, வாயில் அது எப்படி இருக்கும் என்று மட்டும் பாருங்கள். முறுகல் தோசை, முறுக்கு, பிஸ்கட் எல்லாம் மொறுமொறு. தயிரும் பாலும் வழுவழு, ஆனால் அடியிலிருந்து மேல்வரை ஒரே சீர். சோறு உதிரி. கொழகொழ ஒன்றுகூட இல்லை. சதசத இல்லை, நறநற இல்லை. வாழைப்பழத்தில் கறுப்புப் புள்ளி விழுந்தால் அந்த இடம் கொழகொழத்துவிடும். அதைக் கண்ணாலேயே பார்த்து ஒதுக்கிவிடுகிறான். பதத்தைச் சொல்ல நம் பேச்சில் இவ்வளவு சொற்கள் கிடக்கின்றன. பிள்ளையிடம் மட்டும் ‘நல்லாருக்கா, நல்லால்லையா’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். இன்று ராத்திரி அவனிடம் கேட்டுப் பாருங்கள்: ‘கண்ணு, இது கொழகொழயா, பிசுபிசுவா, நறநறயா?’ ஆறு வயதுப் பிள்ளைக்கு இது விளையாட்டு. உங்களுக்கு அது தகவல்.

இப்போது அந்த அரிசிம்பருப்பு. நமக்கு அது ஒரே சோறு, அவசரத்துக்கு ஆக்குகிற லேசான சாப்பாடு. வாய்க்குள் போனால் அது ஏழெட்டுச் சாமான். குழைந்த சோறு, அதற்குள் பாதி கரைந்த பருப்பு, வழுக்குகிற சின்ன வெங்காயம், பல்லில் வெடிக்கிற கடுகு, மேலண்ணத்தில் ஒட்டுகிற தக்காளித் தோல், மென்றாலும் மசியாத கறிவேப்பிலை. ஒவ்வொரு வாயும் வேறு வேறு. அடுத்த வாயில் எது வரும் என்று அவனுக்குத் தெரியாது. பிஸ்கட்டில் அந்தத் தொல்லை இல்லை. போன வாரம் வாங்கியதும் அடுத்த வாரம் வாங்கப்போவதும் ஒரே மாதிரி உடையும். கடுகு பொறுக்குவதைக் குறும்பு என்று நினைக்காதீர்கள். சாப்பிட வேண்டும் என்ற எண்ணம் இருப்பதால்தான் உட்கார்ந்து பொறுக்குகிறான்.

இரண்டு வயதிலிருந்து ஆறு வயதுவரை புதுச் சாப்பாட்டைக் கண்டு பயப்படுவது பெரும்பாலான பிள்ளைகளுக்கு உள்ளதுதான், பள்ளிக்கூடம் போகப் போகக் குறையும். சில பிள்ளைகளுக்கு அது குறையாது. அவர்களில் பலருக்கு வாய் மட்டுமல்ல, காது, மூக்கு, தோல் எல்லாமே கூர்மையாக இருக்கும். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்துகிறானா? பனியன் கழுத்து லேபிளை வெட்டி எறியச் சொல்கிறானா? (திருப்பூர்க்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.) நகம் வெட்ட, தலைக்கு எண்ணெய் வைக்க ஆர்ப்பாட்டமா? ஆமாம் என்றால் இது வளர்ப்பில் வந்த கோளாறு இல்லை என்று மாமியாரிடம் தைரியமாகச் சொல்லலாம். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு இப்படிக் கூருணர்வு அதிகமாக இருக்கும். அதற்காகக் கடுகு பொறுக்குகிற பிள்ளைக்கெல்லாம் ஆட்டிசம் என்று அர்த்தமில்லை. பேச்சு, விளையாட்டு, பிற பிள்ளைகளோடு பழகுவது ஆகியவற்றிலும் சந்தேகம் இருந்தால்தான் அந்தப் பக்கம் பார்க்க வேண்டும்.

பிடித்து ஊட்டுவது பற்றி. 2006-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளுக்குப் பூசணி சூப்பும் சோள சூப்பும் கொடுத்தார்கள். ஒன்றைக் குடிக்கும்போது ‘சூப்பைக் குடித்து முடி’ என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள், மற்றதைக் குடிக்கும்போது ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட சூப்பைத்தான் பிள்ளைகள் அதிகம் குடித்தார்கள். வற்புறுத்திய சூப்பைப் பற்றிக் குறையும் அதிகம் சொன்னார்கள். வெறும் வாய் வார்த்தைக்கே இப்படி. நீங்கள் கையையும் காலையும் பிடிக்கிறீர்கள்.

எலின் சாட்டர் என்ற அமெரிக்க டயட்டீஷியன் ஒரு பாகப்பிரிவினை சொல்வார். என்ன சமைப்பது, எப்போது, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பது பெரியவர்கள் பாடு. அதில் சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது பிள்ளை பாடு. எனக்கு முதலில் இது ஏட்டுச் சுரைக்காய் என்றுதான் தோன்றியது. அப்புறம் செய்து பார்த்த வீடுகளைக் கண்டேன்.

உங்கள் வீட்டுக்கு இப்படிச் சொல்கிறேன். அறை பிரித்த எவர்சில்வர் தட்டு ஒன்று வாங்குங்கள். ஒன்றோடொன்று தொடாமல் இருப்பதே அவனுக்குப் பாதி நிம்மதி. ஒவ்வொரு வேளையும் அவன் கட்டாயம் சாப்பிடுகிற ஒரு பொருள் தட்டில் இருக்க வேண்டும். இன்னோர் அறையில் நீங்கள் சாப்பிடுவதில் சுண்டைக்காய் அளவு வையுங்கள். ‘தின்னு’ என்று சொல்லவே கூடாது. பார்க்கலாம், தொடலாம், மோந்து பார்க்கலாம், நாக்கில் வைத்துத் துப்பலாம். துப்புவதற்கென்று பக்கத்தில் ஒரு கிண்ணம். ‘துப்பிக்கலாம்’ என்ற உறுதி இருந்தால்தான் பாதிப் பிள்ளைகள் வாயிலேயே வைக்கும். எத்தனை தடவை என்று கேட்பீர்கள். லீன் பர்ச் என்ற ஆய்வாளர் 1982-ல் இரண்டு வயதுக் குழந்தைகளுக்குப் புதுப் பழங்களையும் பாலாடைக்கட்டிகளையும் சிலதை இரண்டே தடவை, சிலதை இருபது தடவைவரை ருசி பார்க்கக் கொடுத்தார். அதிக தடவை ருசித்தது அதிகமாகப் பிடித்தது. நாம் மூன்றாம் தடவையே ‘இவனுக்குப் புடிக்காது’ என்று எழுதி ஒட்டிவிடுகிறோம். உங்கள் பையன் மாதிரிப் பிள்ளைக்கு இருபதும் போதாமல் போகலாம். அவசரமில்லை.

புதுப் பொருளை அவன் நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள். முறுக்கிலிருந்து தட்டுவடை, அதிலிருந்து அப்பளம், வறுத்த நிலக்கடலை, மொறுமொறுவென வறுத்த வெண்டைக்காய். வெண்டைக்காய் என்றதும் கொழகொழ ஞாபகம் வரும். மெல்லிசாக நறுக்கி, வெயிலில் காயவைத்து, எண்ணெயில் பொரித்தால் அது வேறு ஜாதி. தோசை மாவில் ஒரு கரண்டி ராகி மாவு கலக்கலாம், ஆனால் அவன் கண் முன்னால். தெரியாமல் முட்டையையோ கீரையையோ கலக்கிற வேலை மட்டும் வேண்டாம். ஒருநாள் கண்டுபிடிப்பான். அன்றைக்குத் தோசையும் பட்டியலிலிருந்து போய்விடும். இப்படித் தோசையை இழந்த இரண்டு வீடுகள் எனக்குத் தெரியும்.

பாலைக் குறையுங்கள். மூன்று பெரிய டம்ளர் பால் குடித்த வயிற்றுக்குப் பசி எங்கிருந்து வரும்? இரும்புச்சத்தும் பாலில் மிகக் குறைவு. நாளைக்கு அரை லிட்டருக்குள் வையுங்கள், அதுவும் சாப்பாட்டுக்குப் பின்னால். ஒருமுறை ரத்தம் பாருங்கள். இந்த வயதுக்கு ஹீமோகுளோபின் 11.5-க்குக் குறையக் கூடாது. ரத்தசோகை இருந்தால் அதுவே பசியைக் கொல்லும். மலச்சிக்கல், சொத்தைப் பல், தொண்டைச் சதை இவற்றையும் குழந்தை மருத்துவர் பார்க்கட்டும். எடையும் உயரமும் ஏறாமல் நின்றாலோ, இப்போது சாப்பிடுவதிலும் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தாலோ, ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (சாப்பிடுவது, உடுத்துவது மாதிரி அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தருபவர்) ஒருவரைப் பார்ப்பது நல்லது. காசுக்குப் பயப்பட வேண்டாம். 2013-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒன்றாக ‘டி.இ.ஐ.சி.’ என்ற, பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளை ஆரம்பத்திலேயே கவனிக்கிற மையங்கள் அமைத்திருக்கிறார்கள், கட்டணம் கிடையாது. உங்கள் மாவட்டத்தில் எங்கே என்று அரசு மருத்துவமனைக் குழந்தைகள் பிரிவில் கேளுங்கள்.

கேள்வி: பேத்தி லீவுக்குக் கோயமுத்தூரிலிருந்து வருகிறாள். கொள்ளுப் பருப்பு, ராகிக் களி, கச்சாயம் என்று ஆசை ஆசையாகச் செய்கிறேன். மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறாள். எங்கள் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையைக் கண்டதில்லை. இதெல்லாம் இப்போது வந்த நோய்தானே? வயது 74.
— பொள்ளாச்சி பக்கம் ஒரு ஆத்தா

பதில்: ஏனுங்கக்கா, நன்றாக யோசித்துப் பாருங்கள், ஒருத்தர்கூடவா இல்லை? எங்கள் அப்பாவின் சித்தப்பா ஒருவர் இருந்தார். கம்பஞ்சோறு, மோர், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். காலை, மதியம், ராத்திரி அதேதான். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியில் உட்கார்ந்து இலையில் வெறும் சோறும் மோரும் மட்டும் வாங்கிக்கொண்டு எழுவார். ‘மோர்ச்சோத்துக்காரர்’ என்று ஊரே கேலி பேசியது. ஆனால் ஒருத்தரும் அவரை டாக்டரிடம் கூட்டிப் போகவில்லை. எதற்குக் கூட்டிப் போக வேண்டும்? வீட்டில் மற்றவர்கள் சாப்பிட்டதும் கிட்டத்தட்ட அதுதானே. வாரத்தில் ஆறு நாள் ஒரே சாப்பாடு என்றிருந்த காலத்தில் இப்படிப்பட்டவர்கள் கண்ணில் படவில்லை. இன்றைக்குத் திங்கட்கிழமை ஒன்று, செவ்வாய்க்கிழமை ஒன்று என்று ஏழு விதம் செய்கிறோம், அதனால் ஏழு விதமாகத் தெரிகிறார்கள்.

மூக்கைப் பொத்துவது உங்களை அவமதிக்க இல்லை. கொள்ளு வேகிற வாசம் நமக்குப் பிறந்த வீடு. பழகாத மூக்குக்கு அது மாட்டுத் தீவனம். காளைக்கும் அதைத்தானே வேகவைத்துப் போடுகிறோம்! நம் பக்கத்தில் ‘வேண்டாம்’ என்று யாராவது சொன்னால் ‘என் கை வேண்டாம்’ என்றுதான் காதில் விழுகிறது. அது நம் காதின் பழக்கம்.

அவளைச் சாப்பிடக் கூப்பிடாதீர்கள், வேலைக்குக் கூப்பிடுங்கள். சந்தவை மரம் இன்னும் வைத்திருப்பீர்கள். ஆவியில் வெந்த மாவுருண்டையைச் சூட்டோடு உள்ளே போட்டு, மேலே இருந்து அவள் அமுக்கட்டும். கீழே வெள்ளை நூல் நூலாக இறங்குவதைப் பார்த்து எந்தப் பிள்ளையும் எழுந்து போனதில்லை. கை பழகினால் மூக்கு பழகும், மூக்கு பழகினால் வாய் தானாகக் கிட்டே வரும். தேங்காய்ப்பாலை மேலே ஊற்றிவிடாமல் தனியாக வையுங்கள். வெறும் சந்தவையை நாலு நூல் வாயில் போட்டால் அன்றைக்கு அதுவே போதும். பார்த்துவிட்டு ‘அட, தின்னுட்டாளே’ என்று கை தட்டாதீர்கள். கண்டுகொள்ளாமல் அடுத்த உருண்டையைப் போடுங்கள்.

கேள்வி: வயது 27. திருப்பூரில் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர். எண்ணிப் பார்த்தால் நான் சாப்பிடுவது 14 பொருட்கள். கம்பெனி கேன்டீனில் குழம்பு வாசமும் தட்டுச் சத்தமும் சேர்ந்தால் குமட்டும். மாடிப்படியில் உட்கார்ந்து டப்பாவைத் திறப்பேன். தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. பெண்ணை நினைத்து எனக்குப் பயமில்லை. அதற்கப்புறம் வரும் விருந்துகளை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை. சிரிக்காமல் பதில் சொல்லுங்கள் அம்மா.
— பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: சிரிக்கிறேன் தம்பி, ஆனால் உங்களைப் பார்த்து இல்லை.

கல்யாணமான மூன்றாம் நாள், காங்கேயம் பக்கத்தில் மாமனார் தோட்டத்து வீடு. ராகிக் களி, கத்திரிக்காய் கடைசல். மாமியார் எதிரில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதையே பார்க்கிறார். மத்தில் கடைந்த கத்திரிக்காய் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சதசதவென்று, நடுவில் நறநறவென்று விதை. மாத்திரை முழுங்குவதுபோல் தண்ணீரோடு ஐந்து வாய் முழுங்கினேன். ஆறாவது வாய்க்குக் கட்டுத்தரைப் பக்கம் ஓடினேன். எருமை ஒன்று என்னைப் பார்த்துக்கொண்டிருக்க அத்தனையும் வெளியே வந்தது. திரும்பி வந்தால், திண்ணையில் பெரியவர்கள் முகத்தில் ஒரு வெளிச்சம். ‘மூணாம் நாளேவா!’ என்று ஒரு சின்ன மாமியார் விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டார். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க என் வீட்டுக்காரர் பட்ட பாடு தனிக் கதை.

எட்டு வருடம் வாயைத் திறக்கவில்லை. கடைசல் செய்கிற நாளெல்லாம் எனக்கு விரதம், தலைவலி, இல்லாவிட்டால் பிறந்த வீட்டில் வேலை. ஒருநாள் கடைவதற்கு முன்னால் நாலு கத்திரிக்காயைத் தனியாக எடுத்து, வட்டமாக அரிந்து, எண்ணெயில் முறுகலாக வறுத்து, ஒன்றும் பேசாமல் என் வட்டலில் வைத்தார் மாமியார். நான் அழுதுவிட்டேன். அவர் சொன்னது: ‘ஏம்புள்ள, மொதல்லயே சொல்லியிருந்தா எட்டு வருசத்துச் சோறு வீணாப் போயிருக்காதல்லோ?’

அதனால், பெண்ணிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். 14 பொருளையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். மாமியார் வீட்டுக்கு அவர் மூலமாகவே போகட்டும். விருந்துக்குச் செய்கிறவர்களுக்கும் மாப்பிள்ளை எதைத் தின்பார் என்று தெரிந்தால் நிம்மதிதான்.

ஒறம்பரை வீடுகளில் ஒரு சொல்லைக் கவனமாகப் பயன்படுத்துங்கள். ‘புடிக்காதுங்க’ என்றால் ‘எங்க வீட்டுது புடிக்கும், தின்னு பாருங்க’ என்று இன்னொரு கரண்டி விழும். ‘ஒத்துக்காதுங்க’ என்று சொன்னால் கரண்டி நின்றுவிடும். புடிக்காது என்பதில் சமைத்தவர் கை வந்துவிடுகிறது, ஒத்துக்காது என்றால் அது உங்கள் உடம்போடு முடிந்தது. பொய்யும் இல்லை, உண்மையிலேயே ஒத்துக்கொள்வதில்லைதானே. இலையில் விழுந்த பிறகு ஒதுக்குவதைவிட, பரிமாறுகிறவர் குனியும்போதே இலைக்கு மேல் கையைக் காட்டிவிடுங்கள். விழுந்த வெஞ்சனம் மிச்சமானால்தான் வீட்டம்மாவுக்கு மனம் சுருங்கும்.

மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிடுவதில் தப்பே இல்லை. ஆவி பறக்கிற சாப்பாட்டுக்கு வாசம் அதிகம். நாம் ருசி என்று சொல்வதில் பெரும் பங்கு, மெல்லும்போது தொண்டை வழியாக மூக்குக்குப் போகிற வாசம்தான். ஆறிய சாப்பாடு உங்களுக்கு லேசாக இருக்கிறதா என்று பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை ஹீமோகுளோபின், பி-12, வைட்டமின் டி பார்த்துக்கொள்ளுங்கள். பதினைந்தாவது பொருளைச் சேர்க்க ஆசை வந்தால், தனியாக இருக்கிற நாளில், நீங்களே கடையில் தேர்ந்தெடுத்த ஒன்றாக இருக்கட்டும். விருந்தில் வேண்டாம்.

கேள்வி: கொத்தமல்லித் தழை போட்டால் ‘சோப்பு வாசம்’ என்கிறாள் என் மகள். ரசத்தில் இரண்டு இலை கிடந்தாலும் கண்டுபிடிக்கிறாள். பொய்தானே?
— கோபிசெட்டிபாளையம் வாசகர்

பதில்: பொய் இல்லை. கொத்தமல்லித் தழையின் வாசத்துக்குக் காரணமான ஆல்டிஹைடு என்ற வேதிப்பொருட்கள் சோப்பிலும் உண்டு. அதை முகர்கிற ஒரு மரபணு சிலருக்கு வேறு மாதிரி அமைந்திருக்கிறது என்று 2012-ல் கண்டார்கள். இதைவிடப் பழைய கதை ஒன்று. 1931-ல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற அமெரிக்க வேதியியலாளர் பி.டி.சி. என்ற தூளைப் பாட்டிலில் கொட்டும்போது கொஞ்சம் காற்றில் பறந்தது. பக்கத்திலிருந்தவர் ‘ஐயோ, கசப்பு’ என்றார். ஃபாக்ஸுக்கு ஒன்றுமே தெரியவில்லை. இரண்டு பேரும் நாக்கில் வைத்துப் பார்த்தும் அதே சண்டை. அந்தச் சண்டைக்குக் காரணமான மரபணுவை 2003-ல்தான் கண்டுபிடித்தார்கள். முட்டைக்கோஸ் வகைக் காய்கள் சிலருக்கு மட்டும் அதிகமாகக் கசப்பதிலும் அந்த மரபணுவுக்குப் பங்கு உண்டு. உங்கள் மகள் நாக்கைக் கடன் வாங்கிப் பார்க்க வழியில்லை. தழையைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளட்டும்.

கேள்வி: 13 வயது மகள். இரண்டு மாதம் முன்னால் மீன் முள் தொண்டையில் சிக்கி, டாக்டர் எடுத்துவிட்டார். அன்றிலிருந்து கஞ்சி, ஜூஸ், பால் தவிர எதுவும் இறங்கவில்லை. இட்லியையே அரைத்துத் தரச் சொல்கிறாள். ஐந்து கிலோ குறைந்துவிட்டாள். தொண்டையில் ஒன்றுமில்லை என்று ஸ்கோப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். நடிக்கிறாளோ என்று சந்தேகமாக இருக்கிறது.
— பவானி

பதில்: நடிக்கவில்லை. அடுத்த இதழுக்குக் காத்திருக்காமல், இதைப் படித்த கையோடு அவளை அழைத்துக்கொண்டு போங்கள். முதலில் குழந்தை மருத்துவர், அவர் மூலமாக மனநல மருத்துவர். முள் போய்விட்டது, பயம் போகவில்லை. இதற்கு ஒரு பெயர் உண்டு. 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் ‘ஆர்ஃபிட்’ என்று சேர்த்தார்கள். உடல் மெலிய வேண்டும் என்ற எண்ணம் கொஞ்சமும் இல்லாமல், ஆனால் உடம்பு கெடுகிற அளவுக்குச் சாப்பாடு சுருங்கிப்போவது. பதம், வாசம் தாங்காமல் சிலருக்கு வரும், பசியே எடுக்காமல் சிலருக்கு வரும், உங்கள் மகளைப் போல விக்கிவிடுமோ, சிக்கிவிடுமோ என்ற பயத்தில் சிலருக்கு வரும். பயத்தைப் படிப்படியாகக் கழற்றும் சிகிச்சை இருக்கிறது. வளரும் வயதில் ஐந்து கிலோ குறைவது சின்ன விஷயம் இல்லை. தலைசுற்றல், மயக்கம், சிறுநீர் குறைவது ஏதாவது இருந்தால் அன்றைக்கே அவசரப் பிரிவு. அதுவரை அரைத்த இட்லியை அரைத்தே கொடுங்கள், கேலி செய்யாமல்.

கேள்வி: எங்கள் வீட்டிலும் கடுகு பொறுக்கி ஒருத்தன் இருக்கிறான். அவனுக்கு ஏற்ற அரிசிம்பருப்பு உண்டா? (அஞ்சலட்டையில் இவ்வளவுதான்.)
— தாராபுரம்

பதில்: உண்டு. ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பு. பருப்பைத் தனியாக அரை மணி நேரம் ஊறவைத்தால் சோற்றோடு கரைந்துவிடும், தனியாகப் பல்லில் படாது. கடலெண்ணெயைக் காயவைத்துக் கடுகு, சீரகம், தட்டிய பூண்டு, ஒரு வரமிளகாய், நாலைந்து சின்ன வெங்காயம், கறிவேப்பிலை எல்லாவற்றையும் வதக்குங்கள். வாசம் ஏறியதும் அந்த எண்ணெயை எவர்சில்வர் வடிகட்டியில் வடித்துக் குக்கரில் ஊற்றுங்கள். இதை அவன் பக்கத்தில் நின்று பார்க்கட்டும், கடுகு எல்லாம் வடிகட்டியிலேயே நின்றுவிட்டது என்று அவனே எண்ணிக்கொள்ளட்டும். அரிசி, பருப்பு, மஞ்சள்தூள், உப்பு, மூன்று டம்ளர் தண்ணீர். மூன்று விசில். குழைவாக வேண்டுமென்றால் இன்னும் அரை டம்ளர் தண்ணீர். தக்காளி வேண்டாம். வடிகட்டியில் நின்றதை எறியாதீர்கள், மற்றவர்கள் சோற்றின் மேல் போட்டுக்கொள்ளலாம். அவனுக்கு நெய்யைத் தனியாக, சின்னக் கரண்டியோடு வையுங்கள். எவ்வளவு ஊற்றுவது என்று அவனே பார்த்துக்கொள்வான்.